மாசம் எவ்வளவு கட்ட முடியும்?

(மூன்றாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



பஸ் பாஸில் கல்லூரிக்கு வந்து போகிறவன் கார் வாங்குவதைப் பற்றிக் கட்டுரை எழுதுவதா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மலர்க் குழுவில் தலைப்பைச் சொன்னபோதே சிரித்தார்கள். "அன்னை, நட்பு, நேரத்தின் அருமை… எத்தனையோ இருக்கேப்பா, இது எதுக்கு?" என்று கேட்டார்கள்.

காரணம் இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. சொந்தத்தில் ஒருத்தர் வண்டி எடுக்கப் போனால், "அவன் டிப்ளமா படிக்கிறான்ல, அவனைக் கூட்டிட்டுப் போ" என்று நமக்குத்தான் ஆள் வரும். அங்கே போனால் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகப் பேப்பர். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி. ஏ.சி. குளிர். காபி வேறு கொடுப்பார்கள். நம்ம ஆட்கள் என்ன செய்கிறார்கள்? டார்க் எத்தனை நியூட்டன் மீட்டர், ஸ்கிரீன் எத்தனை இஞ்ச், ஏர்பேக் எத்தனை என்று விரல் நுனியில் ஒப்பிக்கிறார்கள். வட்டி எப்படிப் போட்டிருக்கிறது என்று மட்டும் கேட்பதில்லை! வண்டி எப்படி ஓடும் என்பது கம்பெனிக்காரன் கவலை. தவணை எப்படி ஓடும் என்பது நம்ம வீட்டுக் கவலை அல்லவா?

அதிலும் எல்லோரும் கேட்கிற வண்டி, வரிசையில் நின்று வாங்குகிற வண்டி என்றால் கதையே வேறு.

2022 ஜூலை 30-ஆம் தேதி மகிந்திரா ஸ்கார்ப்பியோ-என் புக்கிங் திறந்தார்கள். முதல் ஒரு நிமிடத்தில் 25,000, அரை மணி நேரத்தில் ஒரு லட்சம். அறிமுக விலை முதல் 25,000 பேருக்கு மட்டும்தான் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதாவது கை சற்று மெதுவாக அழுத்தியவருக்கு விலையே வேறு! 2024 அக்டோபர் 3-இல் தார் ராக்ஸுக்கு ஒரு மணி நேரத்தில் 1,76,000-க்கும் மேல் புக்கிங். இது நம்ம காலத்துக் கூத்து மட்டும் அல்ல. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த புதிதிலும் புக் பண்ணிவிட்டுக் காத்திருந்தார்கள். முறை வந்ததும் மேலே பணம் வைத்து அடுத்தவருக்குக் கைமாற்றிவிட்டவர்களும் உண்டு. பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த கதையை நம்ம வாத்தியார்களைக் கேட்டால் சொல்வார்கள். (ஒரு பீரியட் ஓடிவிடும், அது தனி லாபம்.)

வரிசை நீள ஆசை மட்டும் காரணம் இல்லை. 2021-இல் உலகம் முழுக்க செமிகண்டக்டர் சில்லு தட்டுப்பாடு. எஞ்சின் இருக்கிறது, பாடி இருக்கிறது, கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சில்லு இல்லை. வண்டி லைனை விட்டு வெளியே வர முடியாது. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்தது. நாலு மீட்டர் நீளத்துக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்கும் சின்ன காருக்கு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும் போய் 18 ஆனது. அதைவிடப் பெரிய காருக்கு செஸ் நீங்கி மொத்தம் 40. அதுவரை வாங்காமல் இருந்தவர்கள் எல்லாம் ஒன்றாக ஷோரூமில் போய் நின்றார்கள்.

இப்படிப்பட்ட நேரத்தில் போய், "விலையில கொஞ்சம் பார்த்துப் போடுங்க அண்ணே" என்றால் சிரிக்கத்தான் செய்வார்கள். நமக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர் ஏன் குறைக்க வேண்டும்? "இந்த வண்டிக்கெல்லாம் பேரமே கிடையாது தம்பி" என்பார். நம்ம ஆட்களும் தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த வார்த்தை போர்டு விலைக்கு மட்டும்தான் பொருந்தும். போர்டு விலை என்பது நாம் கடைசியில் கொடுக்கிற பணத்தில் ஒரு பகுதி. மீதிப் பகுதியில் பேரம் உண்டு. சொல்லப் போனால், போர்டு விலையில் குறைக்காத கடை தன் வருமானத்தை அந்த மீதிப் பகுதியில்தான் தேடும். நம்ம கல்லூரியில் படித்து ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்த சீனியர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "வண்டி தானா போயிரும்டா. லோன் எத்தனை, இன்சூரன்ஸ் எத்தனை, ஆக்சசரீஸ் எவ்வளவுன்னுதான் எங்களுக்கு மாசாமாசம் டார்கெட்." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் நம்மைப் போல ஒரு வீட்டிலிருந்து போனவர்தான். நாளைக்கு நம்மில் சிலர் அதே டை கட்டிக்கொண்டு அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறோம்.

சரி, அந்த மீதிப் பகுதி என்ன? 'ஆன்-ரோடு' விலைச் சீட்டை வாங்கி வரி வரியாகப் பாருங்கள். வாயால் சொல்வதை வாங்கிக்கொள்ளாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். சாலை வரி அரசாங்கத்துக்குப் போவது, அதில் பேரம் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்த வரியின்படி புதுக் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ரூ. 9,95,000 வண்டிக்கு வரி ரூ. 1,29,350. ரூ. 10,05,000 வண்டிக்கு ரூ. 1,80,900. வண்டி விலையில் பத்தாயிரம்தான் கூடுதல், வரியில் ஐம்பத்தோராயிரம் கூடுதல்! பத்து லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். வேறு பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம். செய்யாதவருக்குப் போனது போனதுதான். "ஒரு படி மேல போயிருங்க சார், சன்ரூஃப் வந்துரும்" என்று சொல்லும்போது அந்தப் படி எந்தக் கோட்டைத் தாண்டுகிறது என்று பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ். புதுக் காருக்கு மூன்று வருஷத்து மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். எங்கே எடுக்க வேண்டும் என்பதில் கட்டாயம் இல்லை. "இங்க எடுத்தாத்தான் டெலிவரி" என்றால் அது சட்டம் அல்ல, பேச்சு. அதே ஐ.டி.வி., அதே ஜீரோ டெப்ரிசியேஷன், அதே எஞ்சின் பாதுகாப்பு என்று வைத்து வெளியில் இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போனால் கடைக்காரரே இறங்கி வருவார். ஆக்சசரீஸும் அப்படித்தான். மிதியடி, மட்ஃப்ளாப், சீட் கவர், பெயிண்ட்டுக்குப் பூச்சு, அடிப்பக்கத்துக்குப் பூச்சு என்று மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். மூட்டையைப் பிரிக்கச் சொல்லலாம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். சில இடங்களில் அந்த வரி தானாக மறைந்துவிடும்.

புக்கிங் படிவத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: டெலிவரி நாளில் உள்ள விலையே செல்லும் என்று. முன்பணம் கட்டியதால் விலை நின்றுவிட்டது என்று நினைப்பவர்கள் ஏராளம். முன்பணம் நிறுத்தி வைப்பது வரிசையில் நம்ம இடத்தை மட்டும்தான். ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாளில் வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

இதெல்லாம் சில்லறை. பெரிய பணம் போகிற இடம் கடன்தான்.

"சார், மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"

இந்தக் கேள்வி அக்கறையாகத்தான் காதில் விழும். ஆனால் இதற்குப் பதில் சொன்ன நிமிடத்தில் பேரம் முடிந்துவிடுகிறது. பதினாலாயிரம் என்று சொன்னால், பதினாலாயிரத்துக்குள் வருகிற மாதிரி வருஷத்தை நீட்டிவிடலாம். கணக்கைப் பாருங்கள். எட்டு லட்சம் கடன், குறையும் அசலுக்கு 9.5 சதவீத வட்டி. ஐந்து வருஷம் என்றால் மாசம் ரூ. 16,802. ஏழு வருஷம் என்றால் ரூ. 13,075. கேட்கச் சுகமாக இருக்கிறது, மாசம் 3,727 ரூபாய் குறைகிறது. ஆனால் ஐந்து வருஷத்தில் வட்டி மட்டும் ரூ. 2,08,000. ஏழு வருஷத்தில் ரூ. 2,98,000. தொண்ணூறாயிரம் ரூபாயை நாமே கூடுதலாகக் கொடுக்கிறோம், அதுவும் வசதி செய்து கொடுத்தார் என்று நன்றி சொல்லிவிட்டு!

அடுத்தது 'பைசா வட்டி'. நம்ம ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த பாஷை இது. "வெறும் அறுபது பைசா வட்டிதான்" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாசம் அறுபது பைசா, வருஷத்துக்கு 7.2 சதவீதம். பேங்க்கில் 9.5 கேட்கிறார்கள், இவர் 7.2-க்குத் தருகிறாரே என்று தோன்றும். எட்டு லட்சத்துக்கு ஐந்து வருஷம் போட்டுப் பார்த்தால் வட்டி ரூ. 2,88,000. மாசத் தவணை ரூ. 18,133. பேங்க்கைவிட மாசம் 1,331 ரூபாய் அதிகம், மொத்தத்தில் கிட்டத்தட்ட எண்பதாயிரம் அதிகம். 7.2 எப்படி 9.5-ஐவிடப் பெரிதாகும்?

காரணம் எளிது. பேங்க் கணக்கில் முப்பது மாசம் கட்டி முடித்த நிலையில் அசல் பாக்கி சுமார் 4,47,000 ரூபாய்தான். அடுத்த மாசம் அதற்கு மட்டும்தான் வட்டி. பைசா வட்டிக்காரரோ கடைசி மாசம் வரை முழு எட்டு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார். நாம் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் சேர்த்து! இதைக் குறையும் அசல் முறைக்கு மாற்றினால் 12.8 சதவீதம் வருகிறது. பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர் படித்தோமே, இது வாழ்க்கையில் எதுக்குடா உதவும் என்று பெஞ்சில் கிறுக்கினோமே, தவணைச் சூத்திரம் முழுக்க அதுதான்.

எங்கள் சித்தப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் சென்ட்ரிங் கான்ட்ராக்டர். வேலையாட்களை ஏற்றிப் போக ஏழு சீட்டு சி.என்.ஜி. வண்டி ஒன்றை 2025 ஆனி மாசம் புக் பண்ணினார். எந்த வண்டி, எந்த ஷோரூம் என்பது இங்கே வேண்டாம். சீட்டு எடுத்த பணம், சித்தியின் அஞ்சு பவுன் செயின் கூட்டுறவு வங்கியில் வைத்த பணம், இரண்டும் சேர்த்து முன்பணம். மீதிக்கு எட்டு லட்சம் கடன். நடுவில் ஜி.எஸ்.டி. குறைந்ததும் அந்தப் பொடி எழுத்து வரி முதல் தடவையாக எங்கள் பக்கம் வேலை செய்தது. விலை இறங்கியது. வீட்டில் ஒரே சந்தோஷம்.

புரட்டாசியில் ஷோரூமிலிருந்து போன். "எங்க ஃபைனான்ஸ்ல போட்டா தீபாவளிக்கு வண்டி வாசல்ல நிக்கும் சார். வெளி பேங்க்னா தை மாசம் ஆயிரும்." வட்டி? அதே அறுபது பைசா. சித்தப்பா சம்மதித்துவிட்டார். "தீபாவளிக்கு வண்டி வந்தா சித்தி சந்தோஷப்படுவாடா. மாசம் ஆயிரத்து முந்நூறு ரூபாயில என்ன வந்துரப் போகுது?" என்றார்.

நான் ஒரு நோட்டை எடுத்து இரண்டு தொகைகளை எழுதிக் காட்டினேன். தீபாவளிக்கு வேண்டும் என்றால் கொடுக்கும் விலை எண்பதாயிரம். தை வரை காத்திருந்தால் செலவு என்ன? ஆட்களை ஏற்றிப் போக வாடகை வேனுக்கு மாசம் ஆறாயிரம் கூடுதல், மூன்று மாசத்துக்குப் பதினெட்டாயிரம். "அறுபத்திரண்டாயிரத்துக்கு ஒரு தீபாவளியாடா?" என்று சித்தப்பாவே கேட்டார். காத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு, அவசரத்துக்கும் ஒரு விலை உண்டு. இரண்டையும் ரூபாயில் எழுதாதவரை அவசரம்தான் ஜெயிக்கும்.

பேங்க்கில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு, பக்கத்து ஊர் ஷோரூமில் அதே வண்டிக்கு விலைச் சீட்டும் வாங்கிக்கொண்டு போனோம். இன்சூரன்ஸ் அங்கே ரூ. 46,000 என்று எழுதியிருந்தது. வெளியில் அதே பாலிசி ரூ. 34,000. "தம்பி ரொம்பக் கணக்கு பார்க்கிறாப்ல" என்று சேல்ஸ் அண்ணன் சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா முகத்தில் ஒரு சங்கடம். பெரிய கடைக்குள் போய்ப் பேரம் பேசினால் நம்மைக் கேவலமாக நினைப்பார்களோ என்கிற கூச்சம் நம்ம வீட்டு ஆட்களுக்கு எலும்பில் ஊறியது. கத்தரிக்காய்க்கு அரை மணி நேரம் பேசுவார்கள், எட்டு லட்சத்துக்கு வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தக் கூச்சத்தின் மேல்தான் எத்தனையோ பேருடைய டார்கெட் நிறைவேறுகிறது.

தீபாவளிக்கு வண்டி வரவில்லை. தையும் ஆகவில்லை. கார்த்திகையில் வந்தது! பேங்க் கடன், வெளி இன்சூரன்ஸ், மிதியடியும் மட்ஃப்ளாப்பும் மட்டும். கூடுதல் வாரண்டி ஒன்றை மட்டும் சித்தப்பா பிடிவாதமாக எடுத்துக்கொண்டார், அது அவர் இஷ்டம். மாசம் மிச்சமான 1,331 ரூபாய் சித்தியின் செயினுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது ரிசர்வ் வங்கியின் ஒரு விதி. நம்மில் அதிகம் பேருக்கு அது தெரியவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கிற சில்லறைக் கடன் எல்லாவற்றுக்கும், வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் கொடுக்க வேண்டும். கே.எஃப்.எஸ். என்பார்கள். பிராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ் என்று எல்லாச் செலவையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்று அதில் போட்டிருக்க வேண்டும். ஏ.பி.ஆர். என்று ஒரு கட்டம், அதுதான் அது. அந்தக் கட்டத்துக்கு முன்னால் அறுபது பைசா என்கிற பேச்சு எல்லாம் எடுபடாது. அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தைக் கடன் வாங்கியவர் சம்மதிக்காமல் பிறகு வாங்கவும் முடியாது.

இன்னும் இரண்டு உண்டு. கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் அது இருக்க வேண்டும். ஆகவே "தமிழில் கொடுங்கள்" என்று கேட்பது உரிமை, தயவு அல்ல. அடுத்தது, ஏழு நாளோ அதற்கு மேலோ தவணைக்காலம் உள்ள கடனுக்கு அந்தத் தாள் குறைந்தது மூன்று வேலை நாள் செல்லும். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்" என்று நெருக்கினால், "தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன் அண்ணே, மூணு நாள் இருக்கே" என்று எழுந்து வந்துவிடலாம்.

நிலையான வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்பதும் அன்றைக்கே கேட்க வேண்டியது. கடன் முடிந்ததும் ஃபாரம் 35-இல் கையெழுத்தும் தடையில்லாச் சான்றும் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலிருந்து கடன்காரர் பெயரை நீக்க வேண்டும். கடைசித் தவணை கட்டிய சந்தோஷத்தில் இதை விட்டுவிட்டு, வண்டியை விற்கப் போகும்போது அலைகிறவர்களை நம்ம தெருவிலேயே பார்க்கலாம்.

நம்ம பாடத்திட்டத்தில் கிளட்ச் தட்டு எத்தனை நியூட்டன் தாங்கும் என்பது இருக்கிறது. அந்த வண்டியை வாங்குகிறவர் எத்தனை சதவீதம் தாங்குவார் என்பது இல்லை. பாடத்திட்டத்தை மாற்ற நம்மால் முடியாது. மாணவர் மன்றத்தால் ஒன்று முடியும். மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை மதியம், வகுப்பு முடிந்த பிறகு இரண்டு மணி நேரம் டிராயிங் ஹாலைக் கேட்டு வாங்கிக் கொடுக்கட்டும். கார் என்று இல்லை. டிராக்டர், லோடு ஆட்டோ, பைக், எந்த வண்டிக் கடனாக இருந்தாலும் வீட்டிலோ தெருவிலோ இருக்கிற பேப்பரை எடுத்துக்கொண்டு வாருங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு வாருங்கள், அது போதும். மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைலில் நாங்கள் நாலு பேர் வரத் தயார். ஒரு லட்சம் கடனுக்கு 8 சதவீதம் முதல் 16 சதவீதம் வரை, மூன்று, ஐந்து, ஏழு வருஷத்துக்கு மாசத் தவணை எவ்வளவு என்று ஒரு அட்டவணை போட்டு வைத்திருக்கிறோம். மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்ட அனுமதி கேட்டுத் தலைவரிடம் கடிதம் கொடுத்திருக்கிறோம்.